தோட்டாவைத் திட்டும் முன்: மலிவு விலை பாயிண்ட் 22 ரைபிளில் பிழை தேடும் வழி

பாலக்காட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் பம்ப் செட் மோட்டார் பழுது பார்ப்பது என் தொழில். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நோயைச் சொல்வதில்லை, தீர்ப்பையே சொல்வார்கள். "காயில் எரிந்துவிட்டது, புதிதாகக் கட்டிக் கொடுங்கள்" என்பார்கள். திறந்து பார்த்தால் கெபாசிட்டர் போயிருக்கும். சில நாள் வெறும் ஃபியூஸ்தான்.

ஞாயிறு காலை துப்பாக்கிப் பயிற்சிக் களத்துக்குப் போனால் அங்கும் இதே கதை. "தோட்டா சரியில்லை அண்ணா. இந்தப் பெட்டி முடிந்ததும் வெளிநாட்டுத் தோட்டா வாங்கப் போகிறேன்" என்று யாராவது ஒரு தம்பி இலக்குத் தாளை நீட்டுவான். தாளைப் பார்ப்பதற்கு முன் நான் ரைபிளை வாங்கி, கட்டையையும் குழலையும் பிணைக்கும் திருகுகளைத்தான் பார்ப்பேன். பல நாள் அங்கேயே கதை முடிந்துவிடும்.

இங்கே நான் எழுதுவது 0.22 அங்குலக் குழல் கொண்ட, விலை குறைந்த போல்ட் ஆக்ஷன் ரைபிளைப் பற்றி, அதாவது ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை: மரக்கட்டை, நடுத்தரமான விசை (டிரிகர்), மேலே குறிபார்க்க மலிவான ஸ்கோப். பெட்டிக்கு 50 தோட்டா. உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட வாங்க முடியாது என்பதால், சோதனை என்ற பெயரில் 500 தோட்டாவைச் சுட்டுத் தள்ளும் வசதி நமக்கு இல்லை. ஒவ்வொரு தோட்டாவிலிருந்தும் ஏதாவது ஒரு பதில் வாங்கியாக வேண்டும். அறிகுறியைப் பார்த்துத் தேடச் சொல்வது அதனால்தான்.

எல்லைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் கோயம்புத்தூர்ப் பக்கம் சுட்டுவிட்டு மாலையில் பாலக்காட்டுப் பக்கம் வீடு திரும்புகிறவர்கள், உரிமத்தில் 'செல்லுபடியாகும் பகுதி' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். மாவட்டம் மட்டும் என்றோ மாநிலம் மட்டும் என்றோ இருந்தால், வேலந்தாவளம் சாவடியைத் தாண்டும்போது உங்கள் உரிமம் வெறும் காகிதம். தோப்பில் காட்டுப்பன்றி வருகிறது, இதை வைத்துச் சுடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. உத்தரவு இல்லாமல் சட்டமும் விடாது, இதன் 2.6 கிராம் ஈயக் குண்டு பன்றிக்குப் போதவும் போதாது. இந்த ரைபிள் தாளில் துளை போடுவதற்கு மட்டும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

50 மீட்டர். மேசை. முன்கட்டைக்குக் கீழே ஒரு மணல் பை, பின்கட்டைக்குக் கீழே இன்னொன்று. பைக்குள் ஆற்று மணல் போதும், அரிசி வேண்டாம். புழு வந்துவிடும், அனுபவத்தில் சொல்கிறேன். குழல் எந்தப் பையையும் தொடக்கூடாது. படுத்துக்கொண்டு சுட்டுத் தோட்டாவைச் சோதிக்கிறேன் என்று வராதீர்கள். அதில் சோதனையாவது உங்கள் மூச்சு.

ஒரே புள்ளியைக் குறிவைத்து ஐந்து தோட்டா. களத்தில் இதைக் 'குரூப்' என்பார்கள். எனக்குக் 'கொத்து' என்ற சொல்தான் பிடிக்கும். மிகத் தொலைவில் இருக்கும் இரண்டு துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, அதில் குண்டின் விட்டம் 5.6 மி.மீ. கழித்தால் கொத்தின் அளவு. சர்வதேசப் போட்டிக்கான 50 மீட்டர் தாளில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ., ஒன்பதாம் வளையம் 26.4 மி.மீ. இந்த இரண்டு எண்களும் நினைவில் இருந்தால், அளவுகோல் இல்லாத நாளிலும் கண்ணாலேயே மதிப்பிடலாம்.

தாளின் பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்றின் திசை, தோட்டாவின் பெயர், பெட்டி மடிப்பில் அச்சிட்டிருக்கும் லாட் எண் (ஒரே தொகுப்பாகச் செய்த தோட்டாக்களின் எண்) எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதாத தாள் வெறும் கழிவுத்தாள்.

அறிகுறி: கொத்தே இல்லை, தாள் முழுக்கச் சிதறல்

50 மீட்டரில் உள்ளங்கை அகலத்துக்குத் துளைகள் சிதறினால், தோட்டாவைச் சந்தேகிப்பவர்கள் வரிசையில் கடைசியில் நில்லுங்கள். எவ்வளவு மட்டமான தோட்டாவும் அவ்வளவு சிதறாது.

முதலில் கட்டைத் திருகுகள். அடிப்பக்கத்தில் இரண்டு அல்லது மூன்று இருக்கும். விரலால் பிடித்துச் சுழற்றவே முடிகிறது என்றால் காரணம் கிடைத்துவிட்டது. இறுக்கும்போது மோட்டார் ஃபவுண்டேஷன் போல்ட்டை முறுக்குவதுபோல முறுக்காதீர்கள்; மரம் நசுங்கும். முறுக்குவிசை அளக்கும் கருவி இருந்தால் சுமார் 2 நியூட்டன் மீட்டரில் தொடங்கலாம். இல்லாதவர்கள் சிறிய திருப்புளியை மூன்று விரலால் பிடித்து, நின்றதும் இன்னும் சற்று இறுக்கி விட்டுவிடுங்கள். எவ்வளவு இறுக்கினீர்கள் என்பதைவிட, ஒவ்வொரு முறையும் அதே அளவு இறுக்குகிறீர்களா என்பதுதான் பெரிது.

அடுத்து ஸ்கோப்பின் பிடிவளையங்கள். ஸ்கோப்பை இரண்டு கையால் பிடித்து லேசாகத் திருகிப் பாருங்கள். அசையவில்லை என்று கண்ணுக்குத் தோன்றினாலும், வளையத்துக்கும் ரைபிளுக்கும் சேர்த்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். இருபது தோட்டா கழித்துக் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரியும். பாயிண்ட் 22 ரைபிளின் உதைப்பு மிகச் சிறியதுதான். ஆனால் மலிவான அலுமினிய வளையத்துக்கு அதுவே போதும்.

இரண்டும் சரியாக இருந்தால் குழலின் வாயைப் பாருங்கள். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான். அங்கே ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தால், பின்னாலிருந்து வரும் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு குண்டின் பின்புறத்தைத் தள்ளிவிடும். வெளிச்சத்தில் காட்டி, நகத்தால் சுற்றித் தடவிப் பாருங்கள். இரும்புக் கம்பியை வாய்ப்பக்கமிருந்து விட்டு ஆண்டுக்கணக்கில் துடைத்த ரைபிள்களில் இந்தக் காயம் நிச்சயம். துடைப்பதென்றால் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமிருந்துதான் துடைக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்தபின்னும் சிதறினால் ரைபிளை இன்னொருவர் கையில் கொடுத்து ஐந்து தோட்டா சுடச் சொல்லுங்கள். அவர் கொத்துப் போட்டால்... சரி, அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அறிகுறி: துளைகள் பக்கவாட்டில் நீள்கின்றன

எங்கள் ஊரில் இதற்குக் காரணம் தேடிப் போக வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலை முழுச் சுவராக நிற்கையில் பாலக்காட்டில் மட்டும் ஏறத்தாழ 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வாசல் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வருகிற காற்று, மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வருகிற வறண்ட காற்று, இரண்டுக்கும் இதுதான் வழி. கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கமும் காற்றாலைகளை வேடிக்கைக்கா நட்டு வைத்திருக்கிறார்கள்? ஆடிக் காற்றில் அம்மி பறப்பது இருக்கட்டும். 2.6 கிராம் குண்டு பறக்குமா பறக்காதா என்பதுதான் நமக்குக் கேள்வி.

பறக்கும். மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று, அதாவது தென்னங்கீற்று நன்றாக ஆடும் அளவு, 50 மீட்டர் போவதற்குள் சாதாரண வேகத் தோட்டாவின் குண்டைச் சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளிவிடும். பத்தாம் வளையத்தை நோக்கிச் சுட்டது ஏழாம் வளையத்தில் போய் விழும். காற்று விட்டு விட்டு வீசினால், ஒன்று நடுவில், ஒன்று வலத்தில், ஒன்று அதற்கும் வலத்தில் என்று துளைகள் கயிறு கட்டினாற்போல நிற்கும்.

இதில் பலரும் தலைகீழாக நினைக்கும் ஒரு விஷயம் உண்டு. வேகமான தோட்டாவைக் காற்று குறைவாகத் தள்ளும் என்று நினைப்பார்கள். பாயிண்ட் 22-இல் அப்படி இல்லை. நொடிக்குச் சுமார் 326 மீட்டர் வேகத்தில் கிளம்பும் சாதாரண வேகத் தோட்டாவைவிட, 376 மீட்டரில் கிளம்பும் அதிவேகத் தோட்டாவைத்தான் காற்று அதிகம் தள்ளுகிறது. குண்டு எவ்வளவு நேரம் பறந்தது என்பதல்ல கணக்கு, காற்றின் தடையால் வழியில் எவ்வளவு நேரத்தை இழந்தது என்பதே கணக்கு. ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகும் குண்டுக்குத் தடை சட்டென்று கூடிவிடும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில், 35 டிகிரியில், ஒலி நொடிக்குச் சுமார் 352 மீட்டர் போகும். அதிவேகத் தோட்டாவின் குண்டு 50 மீட்டரை எட்டுவதற்குள்ளேயே அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அப்படி இறங்கும் இடத்தில் குண்டு தடுமாறவும் கூடும். துல்லியம் தேடுகிறவர்களின் தோட்டாக்கள், ஈலி, எஸ்.கே., லாபுவா எதுவானாலும், தொடக்கம் முதலே ஒலிக்குக் கீழான வேகத்தில் செய்யப்படுவதற்கு இதுவே காரணம். பெட்டியில் 'ஹை வெலாசிட்டி' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

சோதனை எளிது. 15 மீட்டரில் ஒரு குச்சி, 35 மீட்டரில் ஒரு குச்சி. இரண்டிலும் மெல்லிய பாலித்தீன் நாடா. இரண்டு நாடாவும் ஒரே கோணத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் விசையை அழுத்துங்கள். பக்கவாட்டு நீளம் சுருங்கினால் குற்றவாளி காற்று. சுருங்காவிட்டால் விசை. மலிவு ரைபிளின் விசை கனமாக இருக்கும்; விரல் அதை நேர் பின்னால் இழுக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளும்.

நான் ஒரு ஆடி மாதத்தில் நல்ல தோட்டா ஒன்றை மூன்றே கொத்தில் 'உதவாது' என்று தீர்மானித்து, மிச்சம் இருந்ததைக் களத்தின் பயிற்சி வகுப்புக்குக் கொடுத்துவிட்டேன். மாசி மாதத்தில் ஒருநாள் காலை ஆறரை மணி, இலை அசையவில்லை. அதே லாட்டிலிருந்து ஒரு பையன் போட்ட கொத்தை என் சுண்டுவிரல் நகத்தால் மூட முடிந்தது. அன்று முதல் பத்து மணிக்கு மேல் தோட்டாச் சோதனை என்ற பேச்சே கிடையாது.

அறிகுறி: துளைகள் மேல் கீழாக நீள்கின்றன

இதற்கு மட்டும்தான் தோட்டாவின் மேல் முதல் சந்தேகத்தை வைக்கலாம். அதிலும் முழுச் சந்தேகம் வேண்டாம்.

50 மீட்டர் போவதற்குள் குண்டு பூமியின் இழுப்பில் சுமார் 12, 13 சென்டிமீட்டர் இறங்கும். ஒரு குண்டு மற்றொன்றைவிட நொடிக்கு 10 மீட்டர் மெதுவாகக் கிளம்பினால், தாளில் சுமார் 7 மி.மீ. கீழே விழும். 100 மீட்டரில் அதே வித்தியாசம் 3 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஆகவே வெடிமருந்தின் அளவு தோட்டாவுக்குத் தோட்டா மாறுகிறதா என்ற ஐயம் இருந்தால், முடிந்தால் 100 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். அகலம் இரண்டு மடங்காகி, உயரம் நான்கு மடங்கானால் வேகம் சீராக இல்லை என்று பொருள்.

ஆனால் வேகம் சீராக இல்லாததற்கும் ரைபிள் காரணமாகலாம். இந்த வகைத் தோட்டாவில், அடிபட்டதும் பற்றி வெடிமருந்தைக் கொளுத்தும் தூண்டுமருந்து அடிப்பகுதியின் விளிம்புக்குள் இருக்கிறது. சுடுமுள் அந்த விளிம்பை ஒரே பலத்தில் அடித்தால்தான் மருந்து ஒரே மாதிரி பற்றும். போல்ட்டுக்குள் பழைய கிரீஸ் கெட்டிப்பட்டுக் கிடந்தால் அடி ஒருமுறை பலமாகவும் ஒருமுறை சோம்பலாகவும் விழும். சுட்ட பத்துக் கூடுகளை மேசையில் வரிசையாக வைத்து விளிம்பின் தழும்பைப் பாருங்கள். ஆழம் கண்ணுக்கே வித்தியாசமாகத் தெரிந்தால் போல்ட்டைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, ஒரு துளி மெல்லிய எண்ணெய் மட்டும் விடுங்கள். மோட்டார் பேரிங்குக்குப் போடும் கிரீஸ் இங்கே விஷம்.

முன் பையின் மேல் ரைபிள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார்கிறதா என்பதையும் பாருங்கள். கட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு பையின் விளிம்பில் நிற்கும்படி வைத்துச் சுடுங்கள். கன்னத்தின் அழுத்தம் மாறினாலும் இதே மேல் கீழ் நீட்சி வரும்.

அறிகுறி: நான்கு ஒட்டி நிற்கின்றன, ஐந்தாவது ஓடிப்போகிறது

களத்தில் அதிகம் கேட்கும் புலம்பல் இது. "நான்கு ஒரே துளை அண்ணா, இந்த ஒன்றை விட்டுவிட்டால்..." விட முடியாது. அதுவும் அதே ரைபிள், அதே பெட்டி.

ஓடிப்போனது எந்தத் தோட்டா என்று குறித்து வையுங்கள். எப்போதும் முதலாவது என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள். எப்போதும் மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) வருவது ஓடிப்போய், கையால் ஒவ்வொன்றாக இட்டுச் சுட்டால் ஓடாமல் இருந்தால், மேகசினின் உதடு ஈயக் குண்டின் மூக்கைச் சுரண்டுகிறது. சுடாத ஒரு தோட்டாவை உள்ளே ஏற்றி, சுடாமலே கவனமாக வெளியே எடுத்துப் பாருங்கள், குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு. கீறல் தெரியும். மேகசினின் கூரான ஓரத்தை மெல்லிய உப்புத்தாளால் தடவினால் போதும். இல்லையேல் ஒவ்வொன்றாகக் கையால் இட்டுச் சுடுங்கள்.

ஒழுங்கே இல்லாமல் எப்போதாவது ஒன்று ஓடினால், அது தோட்டாவாக இருக்கலாம். மலிவுப் பெட்டியில் ஐம்பதில் இரண்டு மூன்று முரண்டு பிடிப்பது வழக்கம்தான். விளிம்பின் தடிமனை அளந்து, எடை போட்டு, பிரித்து அடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு மழைக்காலம் முழுக்க நகைக்கடைத் தராசை இரவல் வாங்கி அந்த வேலையைச் செய்தேன். எடை வித்தியாசத்தில் பாதி பித்தளைக் கூட்டுடையது. மருந்தா, குண்டா, கூடா என்று தராசு சொல்லாது. இந்த விலை ரைபிளுக்கு அது வீண் வேலை என்பது என் முடிவு. அந்த நேரத்தில் விசையைப் பழகலாம்.

அறிகுறி: முதல் சில தோட்டாக்கள் தனியாக விழுந்து, பிறகு கொத்து கூடுகிறது

நோய் இல்லை, இயல்பு. இந்தத் தோட்டாவின் குண்டு வெறும் ஈயம். மேலே மெழுகோ எண்ணெய்ப் பசையோ பூசியிருப்பார்கள். குழலின் உட்புறம் அந்தப் பூச்சால் ஒரே சீராகப் படிந்த பிறகுதான் ரைபிள் தன் நிலைக்கு வரும். துடைத்த குழலுக்குப் பத்துத் தோட்டாவாவது வேண்டும்.

தோட்டாவை மாற்றும்போதும் இதே விதிதான். ஒரு நிறுவனத்தின் பூச்சு இன்னொன்றின் பூச்சு போல இருக்காது. புதிய பெட்டியைத் திறந்ததும் முதல் பத்தைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட்டு, பதினொன்றாவதிலிருந்து அளக்க வேண்டும். பெட்டிக்குப் பெட்டி மாறி மாறி ஐந்து ஐந்தாகச் சுட்டு 'ஒப்பிடுகிறவர்கள்' உண்மையில் அளப்பது பூச்சுகளின் கலவையைத்தான். பத்துத் தோட்டா வீண் என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்தப் பத்தில் விசைப் பழக்கத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் பெட்டியை வைத்துவிட்டு வருபவர்களுக்கு: பூச்சு இளகிப் பெட்டியின் அட்டையில் ஒட்டிக்கொள்ளும். துணிப்பையில் சுற்றி நிழலில் வையுங்கள்.

அறிகுறி: சூடு ஏற ஏறக் கொத்து ஒரே பக்கம் நகர்கிறது

பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே நுழைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டு போங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே மரம் குழலைத் தொடுகிறது; சூடேறும் குழலை ஒரு பக்கம் தள்ளுவது அதுதான். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கியதும் எங்கள் பக்கம் கதவு, ஜன்னலெல்லாம் ஊதிக்கொண்டு மூட மறுக்கும். ரைபிள் கட்டை மட்டும் வேறு சாதி மரமா? பங்குனியில் நன்றாகச் சுட்டது ஆனியில் இடப்பக்கம் நகர்ந்தால் முதலில் இந்த நோட்டுச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு குழாயில் உப்புத்தாளைச் சுற்றி, தொடுகிற இடத்தை மட்டும் தேய்த்து, தேய்த்த மரத்துக்கு வார்னிஷ் பூசிவிடுங்கள். பூசாமல் விட்டால் அடுத்த மழைக்கு மறுபடியும் ஊதும்.

சில மலிவு ரைபிள்களில் முன்கட்டையின் நுனியில் வேண்டுமென்றே ஒரு மேடு விட்டிருப்பார்கள், குழலைத் தாங்க. அதைத் தேய்த்துவிட்டால் கொத்து பெரிதாகவும் ஆகலாம். தேய்ப்பதற்கு முன் அந்த மேடு நேராக நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் இருந்தால் தொடாதீர்கள்.

அறிகுறி: தலையை அசைத்தால் குறி நகர்கிறது

ரைபிளைப் பையில் அசையாமல் வைத்து, கையை எடுத்துவிட்டு, ஸ்கோப்பில் கண்ணை மட்டும் மேலும் கீழும் நகர்த்துங்கள். சிலுவைக்கோடு தாளின் மேல் ஊர்ந்தால், ஸ்கோப் வேறு தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டது. பெரிய ரைபிள்களுக்கான ஸ்கோப்கள் பெரும்பாலும் 100 கெஜத்துக்குச் சரிசெய்தவை. மாற்ற வசதி இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கன்னத்தை வையுங்கள். கட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டி, மூக்கு அதைத் தொடும்படி பழகினால் போதும்.

அறிகுறி: வெடிக்கவில்லை

குழலை இலக்கை நோக்கியே வைத்து 30 நொடி எண்ணுங்கள். தாமதமாக வெடிப்பது அரிது, ஆனால் உண்டு. பிறகு எடுத்து விளிம்பின் தழும்பைப் பாருங்கள்.

தழும்பு ஆழமாக இருந்தால் தோட்டாவின் குற்றம்: அந்த இடத்தில் தூண்டுமருந்து பரவவில்லை. அரைச் சுற்று திருப்பி இட்டு இன்னொரு முறை சுட்டுப் பார்க்கலாம். வெடிக்காவிட்டால் களப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள், பிரிக்காதீர்கள். தழும்பு மேலோட்டமாக இருந்தால் ரைபிளின் குற்றம்: கிரீஸ், களைத்த ஸ்பிரிங், அல்லது தோட்டா உட்காரும் குழல் அறைக்குள் சேர்ந்த கரியால் தோட்டா முழுதாக உள்ளே போகாமல் முதல் அடியின் பலத்தைத் தானே வாங்கிக்கொள்வது. இந்த மூன்றாவதை, போல்ட்டை மூடும்போது கைக்குத் தெரியும் சிறு எதிர்ப்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம். வெண்கலத் தூரிகையால் அறையைச் சுத்தம் செய்தால் போய்விடும்.

உள்ளே தோட்டா இல்லாமல் விசையை அழுத்திப் பழகும் வழக்கம் இருந்தால் அறையின் விளிம்பையும் பாருங்கள். பல மலிவு ரைபிள்களில் சுடுமுள் அந்த விளிம்பையே அடித்துப் பிசிறாக்கிவிடும். பிறகு தோட்டா ஏறுவதும் தகராறு, கூடு வெளியே வருவதும் தகராறு.

வழக்கமான சத்தத்துக்குப் பதில் 'பொட்'டென்று சுரத்தில்லாத ஒலி வந்து, தாளிலும் துளை இல்லையென்றால் அடுத்த தோட்டாவை இடாதீர்கள். போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். குண்டு உள்ளேயே நின்றிருக்கலாம்.

அறிகுறி: துளை வட்டமாக இல்லை

நீள்வட்டத் துளை என்றால் குண்டு புரண்டு புரண்டு போகிறது. குண்டைச் சுழற்றிவிட இந்த ரைபிள்களின் குழலுக்குள் வெட்டிய சுருள், பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 40 கிரைன் (2.6 கிராம்) குண்டுக்காக வகுத்தது. 60 கிரைன் போன்ற கனமான குண்டை அந்தச் சுழற்சி நிலைநிறுத்தாது. குண்டு வழக்கமானதாக இருந்தும் இப்படி வந்தால், சுருள்வரியில் ஈயம் அப்பியிருக்கிறது அல்லது துரு தின்றிருக்கிறது.

துருவுக்கு எங்களிடம் ஒரு தனிக் காரணம் உண்டு: தேர்தல். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மார்ச்சில் நடத்தை விதிகள் வந்ததும் ரைபிளை ஒப்படைத்தேன். திரும்பக் கையில் வந்தபோது மழை தொடங்கியிருந்தது. ஒப்படைக்கும் நாளில் குழலுக்குள் எண்ணெய் பூசாமல் விட்டது என் பிழை. வாய்ப்பக்கம் இரண்டு விரல் அளவுக்குச் செந்துரு. நல்லவேளை, மேலாக்கத்தான் பிடித்திருந்தது. எண்ணெய்த் துணியாலும் வெண்கலத் தூரிகையாலும் இரண்டு மாலை தேய்த்து, இருபது தோட்டா சுட்டபின் பழைய கொத்துக்குத் திரும்பியது. இப்போது ஒப்படைப்பதற்கு முன் உள்ளே கெட்டியாக எண்ணெய், வெளியே எண்ணெய்த் துணிச் சுற்று. திரும்ப வாங்கியதும் முதல் வேலை அந்த எண்ணெயை முழுக்கத் துடைத்தெடுப்பது. எண்ணெய் நிறைந்த குழலில் சுடக்கூடாது.

அறிகுறி: எல்லாம் சரி, எந்தத் தோட்டா நல்லது என்றுதான் தெரியவில்லை

இங்கே வந்து சேர்ந்தவர்கள்தான் உண்மையில் தோட்டாவைச் சோதிக்கத் தகுதி பெற்றவர்கள்.

நான்கு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் பத்தைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டு, பிறகு ஐந்து கொத்து. மொத்தம் 35, பெட்டியில் 15 மிஞ்சும். ஐந்து கொத்தின் சராசரியை எழுதுங்கள். மிகச் சிறிய கொத்தை மட்டும் மணிபர்ஸில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அதில் ஒருவன்.

சராசரி ஏன் என்றால், ஒரே ரைபிள், ஒரே தோட்டா, ஒரே கை, காற்றில்லாத காலை, எல்லாம் இருந்தும் ஐந்து தோட்டாக் கொத்து தன் சராசரியிலிருந்து கால் பங்குக்கு மேல் கூடவோ குறையவோ செய்வது சாதாரணம். சராசரி 20 மி.மீ. என்றால் ஒன்று 14 வரும், அடுத்தது 27 வரும். ஆகவே ஒரு வகைக்கு ஒரே கொத்து போட்டு, '14 வந்தது, 22 வந்தது, ஆகவே முதலாவது சிறந்தது' என்றால் அது சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதற்குச் சமம். மூன்று தோட்டாக் கொத்து இன்னும் மோசமாக ஏமாற்றும்: அதே ரைபிளில் அது ஐந்து தோட்டாக் கொத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு சிறிதாகவே தெரியும். பத்துத் தோட்டாவில் அதே கொத்து கால் பங்கு பெரிதாகும். ரைபிள் மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது.

ஐந்து கொத்தின் சராசரியில் இரண்டு தோட்டாக்களுக்கு நடுவே 2, 3 மி.மீ. வித்தியாசம்தான் என்றால் விலை குறைந்ததை வாங்குங்கள். ஒன்று 20, மற்றொன்று 32 என்றால் பேச்சுக்கு இடமில்லை. விலை கூடிய தோட்டா தோற்பதும் நடக்கும். குழலின் அறையும் குண்டின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தும் விதம் ரைபிளுக்கு ரைபிள் வேறு. என் ரைபிளுக்குப் பிடித்தது பக்கத்து மேசை மாமாவின் ரைபிளுக்குப் பிடிக்காது, இரண்டும் அடுத்தடுத்த எண் கொண்ட ரைபிள்களாக இருந்தாலும்.

பிடித்தது கிடைத்ததும் அதே லாட் எண்ணில் உரிமம் அனுமதிக்கிற அளவு வாங்கிவிடுங்கள். அடுத்த லாட் அதே பெயர், அதே நிறப் பெட்டி. உள்ளே மருந்தும் மெழுகும் வேறு நாளில் போட்டவை. போன மாதம் வரை நன்றாகச் சுட்ட ரைபிள் 'திடீரென்று' கெட்டுவிட்டது என்று வருகிறவர்களிடம் பழைய பெட்டியின் மடிப்பைக் கேட்பேன். பெரும்பாலும் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

இத்தனையும் செய்தபின் மலிவு ரைபிள் ஒன்று 50 மீட்டரில் சராசரி 20 முதல் 25 மி.மீ. கொத்து தந்தால், அதாவது ஒன்பதாம் வளையத்துக்குள் அடங்கினால், அதைத் தொடாமல் விடுங்கள். இன்னும் சுருக்க ஆசைப்பட்டால் அடுத்த மாற்றம் குழலில்தான் செய்ய வேண்டும். அதற்குப் பட்டறைக்காரர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும், அவர் கேட்கும் கூலிக்கு இரண்டு ஆண்டுத் தோட்டா வாங்கலாம்.